இறந்தவருக்குக் கட்டிய வீடு



மகாளய அமாவாசை வந்தால் சாமராஜநகர்ப் பக்கத்து வீடுகளில் என்ன நடக்கும்? வீட்டைக் கழுவி மெழுகுவார்கள். புதுத்துணி எடுத்து வைப்பார்கள். இறந்துபோன தாத்தா பாட்டிக்கு எது பிடிக்குமோ அதைச் சமைப்பார்கள். வாழை இலை போட்டுப் படைப்பார்கள். கன்னடத்தில் இதற்கு ‘எடெ’ என்று பெயர். தமிழில் படையல். தாத்தாவுக்குப் பீடி பிடிக்கும் என்றால் இலையோரம் ஒரு பீடிக்கட்டும் இருக்கும்.

இறந்தவருக்குப் பசிக்குமா? ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாட்டு மக்கள் இப்படிக் கேட்டார்கள். பசிக்கும் என்றே நம்பினார்கள். பசிக்கு உணவு மட்டுமா? கட்டில், செருப்பு, கைத்தடி எல்லாம் வேண்டும் என்று நினைத்தார்கள். அந்த நாடு எகிப்து.

எகிப்து ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடகிழக்கு மூலையில் உள்ளது. அங்கே மழை மிகக் குறைவு. நாட்டின் பெரும்பகுதி மணல்காடு. நடுவே நைல் நதி ஓடுகிறது. அதன் நீளம் 6,600 கிலோமீட்டருக்கு மேல். காவிரியைப் போல எட்டு மடங்கு!

குடகில் மழை பெய்தால் ஆடி மாதத்தில் கொள்ளேகாலத்தில் காவிரி பெருகுகிறது அல்லவா? நைலும் அப்படித்தான். எங்கோ தெற்கே எத்தியோப்பியா மலைகளில் மழை பெய்யும். மழையே காணாத எகிப்தில் வெள்ளம் வரும். வெள்ளம் வடிந்ததும் கரை முழுதும் கறுப்பு வண்டல் படிந்திருக்கும். அதில் கோதுமையும் பார்லியும் விளைத்தார்கள். தங்கள் நாட்டையே ‘கறுப்பு மண்’ என்று அழைத்தார்கள். 1970-ஆம் ஆண்டு அஸ்வான் பேரணை கட்டி முடிந்தது. அதன்பிறகு அந்த வெள்ளம் இல்லை.

போன வெள்ளம் அடுத்த ஆண்டு திரும்பி வந்தது. மேற்கே மறைந்த சூரியன் மறுநாள் கிழக்கே வந்தது. அப்படியானால் மனிதனும் திரும்பி எழுவான் என்று அவர்கள் நம்பினார்கள். ‘ரா’ என்ற சூரியனைக் கும்பிட்டார்கள். ‘ஹாத்தோர்’ என்ற பசுத் தெய்வத்தையும் கும்பிட்டார்கள். இறந்தவர்களைப் பெரும்பாலும் சூரியன் மறையும் மேற்குக் கரையில் புதைத்தார்கள்.

அவர்களிடம் ஒரு கதை இருந்தது. ஒசிரிஸ் என்பவன் நல்ல அரசன். அவனை அவன் தம்பி சேத் கொன்று துண்டு துண்டாக வெட்டி எறிந்தான். மனைவி ஐசிஸ் அழுதுகொண்டே போய்த் துண்டுகளைத் தேடிச் சேர்த்தாள். துணியால் சுற்றிக் கட்டினாள். ஒசிரிஸ் உயிர்பெற்று மறுவுலகத்துக்கு அரசன் ஆனான்.

உடல் கெடாமல் இருந்தால்தான் உயிர் திரும்பி வந்து தங்கும் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே உடலைப் பதப்படுத்தினார்கள். அதற்கு 70 நாள் ஆகும். இடது விலாவுக்குக் கீழே அறுத்துக் குடல், ஈரல் எல்லாவற்றையும் எடுத்துத் தனி ஜாடிகளில் வைப்பார்கள். மீனை உப்பிட்டுக் கருவாடு ஆக்குவதுபோல உடலை ஒருவகை உப்பில் புதைத்துக் காய வைப்பார்கள். பிறகு நார்த்துணியால் சுற்றுவார்கள். இப்படிப் பதப்படுத்திய உடலுக்கு ‘மம்மி’ என்று பெயர். இரண்டாம் ராம்சேஸ் என்ற அரசன் கி.மு. 1213-இல் இறந்தான். அவன் மம்மியின் மூக்கில் என்ன இருந்தது தெரியுமா? மிளகு! மிளகு நம் மேற்கு மலைகளின் பயிர். அது அன்றே அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

இதயத்தை மட்டும் உடலை விட்டு எடுக்க மாட்டார்கள். காரணம் இருக்கிறது. மறுவுலகில் ஒரு தராசு உண்டு. ஒரு தட்டில் இறந்தவனின் இதயத்தை வைப்பார்கள். மறு தட்டில் ஓர் இறகு இருக்கும். அது நீதியின் இறகு. பாவம் செய்தவன் இதயம் கனத்துத் தட்டு கீழே இறங்கும். உடனே முதலைத் தலை கொண்ட ஒரு பூதம் அதை விழுங்கிவிடும். பக்கத்தில் ‘தோத்’ என்ற தெய்வம் கையில் எழுதுகோலுடன் கணக்கு எழுதும். நம் சித்திரகுப்தனின் நினைவு வருகிறதா?

அங்கே இறந்தவன் தான் செய்யாத தவறுகளைச் சொல்ல வேண்டும். திருடவில்லை, எடையில் ஏமாற்றவில்லை, பிறரை அழ வைக்கவில்லை என்று அந்தப் பட்டியல் நீளும். ஓடுகிற வாய்க்கால் நீரை மறித்து அணை போடவில்லை என்பதும் அதில் உண்டு. வாய்க்கால் சண்டை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அரசர்கள் தங்கள் கல்லறையை மலைபோலக் கட்டினார்கள். அவைதான் பிரமிடுகள். கூபு என்ற அரசனின் பிரமிடு சுமார் 4,500 ஆண்டு பழையது. கட்டியபோது உயரம் 146 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். அடிமைகளைச் சாட்டையால் அடித்துக் கட்டியதாகச் சினிமாவில் காட்டுவார்கள். ஆனால் 1990-இல் அங்கே வேலையாட்களின் கல்லறைகளே கிடைத்தன. அடிமைக்கு யாராவது அரசன் பக்கத்தில் கல்லறை கட்டுவார்களா?

துத்தன்காமன் என்ற அரசன் இருபது வயதுகூட ஆகாமல் இறந்தான். 1922-இல் அவன் கல்லறை திறக்கப்பட்டது. உள்ளே 5,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. தங்க முகமூடி, ரொட்டி, திராட்சை மது, செருப்பு, நூற்றுக்கும் மேலான கைத்தடிகள். மறுவுலகிலும் வயல்வேலை உண்டு அல்லவா? அதைச் செய்யச் சின்னச் சின்ன வேலையாள் பொம்மைகள்! அங்கும் அரசன் வேலை செய்ய மாட்டான் போலும். ஏழைகளுக்கு இதெல்லாம் ஏது? மணலில் குழி தோண்டி, இரண்டு பானை வைத்துப் புதைத்தார்கள்.

துத்தன்காமன் கல்லறையில் தலைத்தாங்கிகளும் இருந்தன. எகிப்தியர் தலையணைக்குப் பதில் இவற்றில் தலை வைத்துப் படுப்பார்கள். இது போன்ற ஒரு பொருள் சாமராஜநகருக்குப் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது. கபினியும் காவிரியும் கூடும் டி. நரசிபுரத்தில் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அகழாய்வு நடந்தது. கற்கால மக்கள் சுட்ட மண்ணால் செய்த தலைத்தாங்கி அங்கே கிடைத்தது. அது மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. ஒரே மாதிரி இருப்பதாலேயே ஒருவரிடம் ஒருவர் கற்றார் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

இறந்தவருக்குப் பொருள் வைத்துப் புதைக்கும் வழக்கமும் நம் பக்கம் இருந்தது. தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் பெரிய பெரிய மண்தாழிகளில் எலும்புகள் கிடைத்தன. நூறு ஆண்டுகளுக்கு முன் அலெக்சாண்டர் ரீ என்பவர் அங்கே தோண்டினார். தங்கத்தில் நெற்றிப் பட்டங்களும், வெண்கலப் பாத்திரங்களும், இரும்பு ஆயுதங்களும் எடுத்தார். சாகாமல் கிடந்த கிழவர்களை உயிரோடு தாழியில் வைத்தார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். அது கதைதான். தாழிகளில் குழந்தைகளின் எலும்புகளும் இருக்கின்றன.

ஆதிச்சநல்லூர் தூரம். திம்பம் மலைப்பாதையில் இறங்கிச் சத்தியமங்கலம் வழியாகப் போனால் ஈரோடு மாவட்டம் கொடுமணல் வரும். சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே பலகைக் கற்களை நிறுத்தி, மேலே கல் மூடி, இறந்தவருக்கு அறை கட்டினார்கள். சில அறைகளில் ஒரு பலகையில் வட்டமாகத் துளை இருக்கும். உயிர் போய்வர வழி விட்டார்கள் என்பது ஒரு கருத்து. 1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. ஒரே கல்லறையில் 2,220 சிவப்புக் கல்மணிகள் கிடைத்தன. கற்கள் பதித்த ஒரு வெண்கலப் புலியும் கொடுமணலில் கிடைத்தது.

அந்த 2,220 மணிகளுக்குச் சொந்தக்காரர் யார்? பெயர் தெரியாது. கூபுவின் பெயர் தெரிகிறது. துத்தன்காமனின் மனைவி பெயர்கூடத் தெரிகிறது. எகிப்தியர் எழுதி வைத்தார்கள். நம் கல்லறைக்காரர் எழுதி வைக்கவில்லை.

எழுத்து இருந்தும் படிக்க ஆள் இல்லாத காலமும் எகிப்துக்கு வந்தது. அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். கோயில் பூசாரிகளோடு அந்தச் சித்திர எழுத்தும் மறைந்தது. கடைசியாக அதில் வெட்டிய கல்வெட்டு கி.பி. 394-ஐச் சேர்ந்தது. பிறகு 1,400 ஆண்டுகள் யாராலும் அதைப் படிக்க முடியவில்லை. சுவரெல்லாம் எழுத்து, ஆனால் எல்லாரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்! ஒரே செய்தியை மூன்று எழுத்தில் வெட்டிய கல் ஒன்று 1799-இல் கிடைத்தது. அதை வைத்து 1822-இல் பிரான்சு நாட்டு ஷாம்போலியன் வழி கண்டுபிடித்தார். மூவாயிரம் ஆண்டுக்கு முன் அரசர் கல்லறைகளைத் திருடியவர்கள் நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலத்தைக்கூட இன்று படிக்க முடிகிறது.

அந்தத் திருட்டு இன்றும் நிற்கவில்லை. நம் பக்கத்திலும் புதையல் இருக்கிறது என்று சிலர் இரவில் போய்ப் பழைய கல்லறைகளைத் தோண்டுகிறார்கள். மந்திரவாதிக்குப் பணம் கொடுத்தும் ஏமாறுகிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் பானையும் எலும்பும்தான். ஆத்திரத்தில் அதை உடைத்துப் போடுகிறார்கள். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தாழி தெரிந்தால் தோண்டுவதை நிறுத்துங்கள். தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த மனுவை இப்போது உங்கள் கையாலேயே எழுதலாம்.

உடைந்த ஓடு என்ன ஓடு என்று யாருக்குத் தெரியும்? கொடுமணலில் மக்கள் வாழ்ந்த இடத்தில் ஓடுகளில் கீறிய பழைய தமிழ் எழுத்துகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கண்ணன் ஆதன் என்று ஓர் ஓட்டில் இருக்கிறது. சம்பன் சுமணன் என்று இன்னோர் ஓட்டில். இவர்கள் அரசர்கள் அல்லர். தம் பானை தமக்கே என்று பெயர் கீறி வைத்தவர்கள்.

அப்படி ஓர் ஓடு எகிப்திலும் கிடைத்திருக்கிறது. செங்கடல் கரையில் குசேர் என்ற பழைய துறைமுகம் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் வணிகர்கள் கப்பலில் அங்கே போனார்கள். அவர்கள் விட்டு வந்த ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் இருக்கின்றன. 2007-இல் படித்த ஓர் ஓட்டில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருந்தது. ஒறி என்றால் உறி. தயிர்ப்பானையைத் தொங்கவிடுகிறோமே, அதே உறிதான்.