கடைக்குப் போகும் பிள்ளை



பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போகிறோம். உணவுக்கடையில் பக்கத்து மேசைக்காரர் சிகரெட்டை எடுத்தால், "அண்ணே, இங்கே பிடிக்கக்கூடாது" என்கிறோம். 2019 ஜனவரி முதல் தேதி இந்தத் தடை வந்தபோது, நடக்கிற காரியமா என்று சிரித்தவர்களும் நாம்தான். பல்லாண்டு காலம் புகையிலையை எதிர்த்து வந்த பினாங்குப் பயனீட்டாளர் சங்கத் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ், தடை வந்ததைப் பார்த்துவிட்டு அதே ஆண்டு மே மாதம் மறைந்தார்.

சரி, தோட்டத்துக்குத் திரும்பியதும் என்ன செய்கிறோம்? "தம்பி, அப்பாவுக்கு ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வா" என்று பத்து வயதுப் பிள்ளையின் கையில் காசைக் கொடுக்கிறோம். கடைக்காரரும் தெரிந்தவர், பெட்டியைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்.

இதில் இரண்டு குற்றம் இருக்கிறது. 18 வயது நிறையாதவருக்குச் சிகரெட் விற்கக்கூடாது. அப்பாவுக்குத்தான் என்று சொன்னாலும் கூடாது. பெட்டியைப் பிரித்துச் சில்லறையாக விற்பதும் கூடாது. 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த 852ஆம் சட்டம் வேப்பையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது.

சில்லறைக்கு ஏன் தடை? 2009 முதல் பெட்டியின்மேல் நோயின் படம் இருக்கிறது. ஒற்றைச் சிகரெட்டில் படமேது? அதன் விலையும் பிள்ளையின் பள்ளிக்காசுக்குள் அடங்கிவிடும். அப்பாவுக்கு இரண்டு வாங்கிய கை, ஒருநாள் மூன்றாவதையும் வாங்கும்.

பாட்டியின் வெற்றிலைக்குப் புகையிலை வாங்கவும் அதே பிள்ளையைத்தான் அனுப்புகிறோம். அதுவும் வாய்ப்புற்று தருகிற பொருள்தான்.

இன்று மாலை சிகரெட் தீர்ந்துவிட்டதென்றால் அப்பாவே கடைக்கு நடக்கட்டும்; மழை பெய்தாலும் சரி.