இரத்தச் சோதனையும் நம் கடமையும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வி வளர்க்கும் கழகத்தின் விழாவில் ஒரு நோயைப் பற்றிப் பேசுவது பொருத்தமா எனச் சிலர் எண்ணலாம். ஏட்டைப் படிப்பது மட்டும் கல்வியன்று; உடலையும் ஊரையும் காத்துக்கொள்ளும் அறிவும் கல்வியே. நம் பிள்ளைகள் பலர் பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குச் செல்கின்றனர். தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் குடும்பத்தைப் பிரிந்து வந்தோர் அவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து தைக்கின்றனர். இளமையும் தனிமையும் கையில் வாரக்கூலியும் ஒன்று சேருமிடத்தில் எச்.ஐ.வி. பற்றிய தெளிவு இன்றியமையாதது. வந்தவர்மீது பழி சுமத்துவதற்காக இதைக் கூறவில்லை. கிருமிக்கு ஊரும் இல்லை, சாதியும் இல்லை.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் 1986-ஆம் ஆண்டு நம் தமிழ்நாட்டில்தான் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்று சோதித்தார். அந்நாளில் நோயை அறிந்தாலும் அதை அடக்க மருந்து இல்லை. ஆகவே சோதனை என்றாலே மரண ஓலை என மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்துக்கு அன்று காரணம் இருந்தது, இன்று இல்லை.

2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிற்று. தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று. நோய் எதிர்ப்பு அணுக்கள் குறைந்த பின்னரே அந்நாளில் மருந்து தரப்பட்டது. 2017 ஏப்ரலில் அம்முறை மாறிற்று. கிருமி இருப்பது உறுதியானவுடனேயே, எதிர்ப்பு அணுக்களின் அளவைப் பாராமல், மருந்து தொடங்கப்படுகிறது.

இம்மாற்றத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டு. இருவரில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்த 1,763 இணையரைக் கொண்டு ஒன்பது நாடுகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. சென்னையும் அதில் பங்கேற்றது. மருந்தை முன்னரே தொடங்கியோரிடமிருந்து துணைவருக்குக் கிருமி பரவுவது 96 விழுக்காடு குறைந்ததென 2011-இல் தெரியவந்தது. நாள்தோறும் தவறாமல் மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடித்தால், உடலுறவின் வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை. மருந்தை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். கருவுற்ற தாய் காலத்தில் மருந்துண்டால் குழந்தையையும் காக்கலாம். ஒருவர் உண்ணும் மருந்து அவருக்கு மட்டுமன்றி, அவர் குடும்பத்துக்கும் காப்பாகிறது.

ஆனால் தமக்குக் கிருமி இருப்பதை அறியாதவர் மருந்து உண்ண இயலாது. எனவே சோதனையே முதற்படி. ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 21 சமூகங்களில் நடந்த பேராய்வில், வீடுதோறும் சென்று சோதனை செய்த இடங்களில் புதிய தொற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததென 2019-இல் அறியப்பட்டது. ஆடவரையும் இளைஞரையும் வீட்டில் காண்பதுதான் அங்கே கடினமாயிருந்தது. ஒன்றரை ஷிப்டு வேலை பார்க்கும் நம் இளைஞர் நிலையும் அதுவே அன்றோ? வீட்டுக்கு வருவோரை எதிர்பாராமல் நாமே மையத்தை நாடிச் செல்ல வேண்டும்.

தயக்கம் எங்கே இருக்கிறது? நோயில் இல்லை, பிறர் பார்வையில் இருக்கிறது. தேநீர்க் கடைகளில் நமக்கென வேறு குவளை வைத்த கொடுமையை நம் முன்னோர் அறிவர். பொதுக்குளத்து நீரைப் பருகும் உரிமைக்காக 1927-ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரில் மக்களைத் திரட்டிச் சென்றார். அவர் வழிவந்த நாம், நோயுற்ற தம்பிக்கு நம் வீட்டிலேயே தனிக் குவளை வைக்கலாமா? ஒரே குவளையில் குடிப்பதாலும், ஒரே தட்டில் உண்பதாலும், தொடுவதாலும் இக்கிருமி பரவாது. தீண்டாமையின் வலியை அறிந்தவர் அதைப் பிறருக்குச் செய்தல் தகாது.

சட்டமும் துணை நிற்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, ஒருவர் இசைவின்றிச் சோதனை செய்யக்கூடாது; முடிவை வெளியிடக்கூடாது; கிருமி இருப்பதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கவும் கூடாது. ஆகவே யாரையும் வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. யாருக்கு என்ன முடிவு வந்தது எனக் கேட்கவும் உரிமையில்லை.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? ஒருவர் மட்டும் சென்றால் ஊர் அவரைச் சுட்டும். அனைவரும் சென்றால் யாரைச் சுட்டும்? கழக நிருவாகிகளும் பெரியோரும் முதலில் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குச் சென்று, கட்டணமின்றிச் சோதனை செய்துகொள்ளட்டும். மணம் பேசும் இளைஞரும் இளம்பெண்களும் தாமே விரும்பிச் சோதித்துக்கொள்ளட்டும். அண்மையில் தொற்று நேர்ந்திருந்தால் முதற்சோதனையில் தெரியாமலும் போகலாம். ஐயமுள்ளோர் ஆலோசகர் கூறும் காலத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். மருந்து வாங்கச் செல்லும் நாளில் கூலி இழப்போருக்குக் கழகம் ஓசையின்றி உதவட்டும். 1097 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணை ஒவ்வோர் இளைஞரும் மனத்தில் கொள்ளட்டும்.

இக்கழகம் நமக்குக் கற்றுத் தந்தது அஞ்சாமையே. அறியாமையால் ஓர் உயிரையும் இழவோம் என இவ்விழாவில் உறுதி கொள்வோமாக!