தட்டில் மடியும் செல்லும் கட்டிலில் கிடக்கும் நோயாளியும்



மூலிகைச் சாறு புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். திருச்சிக் கல்லூரிகளில் தாவரவியலும் உயிர்வேதியியலும் பயிலும் மாணவர்கள் பலர் இந்த ஆய்வில் இறங்குகிறார்கள். பச்சைமலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் இலை வருகிறது. நிழலில் உலர்ந்து, பொடியாகி, எத்தனாலில் ஊறிச் சாறாகிறது. அந்தச் சாறு ஹீலா செல்களின் மேல் விழுகிறது. 1951இல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டு இன்றுவரை உலகெங்கும் வளர்ந்துகொண்டிருக்கும் செல்கள் அவை. செல் மடிகிறது, ஆய்வேடு முடிகிறது. ஆனால் மருந்துக்கான வேலை அங்கேதான் தொடங்க வேண்டும். அந்தத் தொடக்கத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

செல் மடிந்ததை எப்படி அறிகிறோம்? 1983இல் மோஸ்மன் என்ற ஆய்வாளர் வகுத்த எம்டிடி சோதனைதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. 96 குழிகள் உள்ள தட்டில் செல்களை வளர்த்து, சாற்றைப் பல அளவுகளில் இட்டு, பின்பு மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்க்கிறோம். உயிருள்ள செல் அந்த மஞ்சளை ஊதாப் படிகமாக மாற்றும். இறந்த செல் மாற்றாது. ஊதா எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு செல்கள் செயலிழந்தன என்று கணக்கு. எளிய, மலிவான, அழகான சோதனை. ஆனால் நம் மூலிகைகளில் நிறைந்துள்ள பாலிபீனால்கள், செல்லே இல்லாத குழியிலும் மஞ்சளை ஊதாவாக்கிவிடும். அப்போது செத்த செல்லும் உயிரோடிருப்பதாகக் கணக்கில் ஏறும். சாறு மட்டும் உள்ள குழி ஒன்றைத் தட்டில் வைக்காதவர் இதை அறியவே மாட்டார்.

அளவும் அப்படித்தான். ஒரு மில்லிலிட்டருக்கு 20 அல்லது 30 மைக்ரோகிராமுக்குள் பாதிச் செல்களை ஒடுக்கினால்தான் ஒரு கச்சாச் சாற்றை மேலே ஆராயத் தக்கதாகக் கொள்வது வழக்கம். 300, 400 என்று அளவை ஏற்றிக்கொண்டே போனால் சமையலறைப் பொருள்களில் பலவும் செல்லைக் கொன்றுவிடும். நோயுற்ற செல்லுக்குப் பக்கத்தில் நலமான செல்லையும் வைத்துப் பார்த்தீர்களா என்பதே ஒவ்வொரு வாய்மொழித் தேர்விலும் நான் முதலில் கேட்க விரும்பும் கேள்வி. கொல்வது எளிது. எதைக் கொல்லாமல் விடுகிறது என்பதில்தான் மருந்து இருக்கிறது.

தட்டைக் கடந்து மருந்தான ஒரு பொருளின் வரலாற்றைச் சொல்கிறேன். சீன மரம் ஒன்றிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளை வால், வானி என்ற வேதியியலார் இருவரும் 1966இல் பிரித்தெடுத்தார்கள். அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் ஏராளமாக இருப்பதை 1972இல் எழுதியவர் டி.ஆர். கோவிந்தாச்சாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பின்பு மும்பை சிபா ஆய்வு மையத்தை நடத்திய தமிழர். தட்டிலும் எலியிலும் கேம்ப்டோதெசின் நன்றாகவே வேலை செய்தது. மனிதருக்குக் கொடுத்தபோதோ சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியது, சோதனை நின்றது. அதை அப்படியே கைவிட்டிருக்கலாம், விடவில்லை. செல் பிளவுறும்போது டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்தும் ஒரு நொதியை அது பிடித்துக்கொள்கிறது என்று 1985இல் தெரியவந்தது. அதன் பிறகு மூலக்கூற்றைத் திருத்தினார்கள். டோப்போடெகான், இரினோடெகான் என்ற இரு மருந்துகள் 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. முப்பது ஆண்டுகள்! நம் ஆய்வேடுகள் இந்தப் பயணத்தின் முதல் வாரத்திலேயே நின்றுவிடுகின்றன என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இன்னொரு நிகழ்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. கல்லீரல் புற்றுக்கு ஹெபடைடிஸ் பி கிருமி ஒரு முக்கியக் காரணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் அந்தக் கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்து, 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது. மருந்தில்லாத பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. அந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் கட்டுரையாசிரியர்களில் ஒருவர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி அதேதானா, எந்த மண், எந்தப் பருவம் என்ற கேள்விகள் எழுந்தன. நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லி என்று வாங்கும் கட்டில் மூன்று நான்கு இனங்கள் கலந்திருப்பதைத் தாவரவியலார் அறிவார்கள்.

செடி எது என்ற கேள்விக்கு விடை நம் திருச்சியிலேயே இருக்கிறது. புனித வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967இல் நிறுவிய ராபினாட் உலர்தாவரக் காப்பகம், தமிழகத் தாவரங்களுக்குச் சான்று வைத்திருக்கும் கருவூலம். ஆய்வுக்கு எடுத்த செடியின் ஒரு கிளையை அங்கே ஒப்படைத்து எண் பெறாமல் சாறு பிழியத் தொடங்குவது, பெயர் தெரியாதவரைப் பற்றிச் சாட்சி சொல்வது போன்றது.

செடியை அடையாளம் கண்டால் மட்டும் போதாது, நோயாளியையும் பார்க்க வேண்டும். திருவரங்கக் கோயிலில் தன்வந்திரி சன்னதியைச் சேவித்திருப்பீர்கள். அங்கு மருத்துவமனையாக இருந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்த செய்தியை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு தருகிறது. மூலிகையும் வைத்தியரும் நோயாளியும் ஒரே கூரையின்கீழ் இருந்த இடம் அது. இன்று நம் ஆய்வுக்கூடத்தில் மூலிகையும் செல்லும் மட்டுமே இருக்கின்றன. நோயாளி வேறெங்கோ, செய்தித்தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, சிகிச்சையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு என் வேண்டுகோள்: நிறுத்தாதீர்கள். குடிப்பது எதுவானாலும் உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சில மூலிகைகள் கீமோதெரபி மருந்தின் அளவையே இரத்தத்தில் ஏற்றவோ இறக்கவோ செய்யும்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கு நிதி தருகிறீர்கள். இனி அதைப் புதுச் செடி தேடுபவருக்குத் தராமல், முன்பே ஒருவர் நல்ல பலன் கண்ட சாற்றை எடுத்து, அதைக் கூறு கூறாகப் பிரித்து, வேலை செய்யும் ஒற்றைப் பொருள் எது என்று தேடுபவருக்குத் தாருங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர் எழுதினால் அதையும் இந்தச் சொற்பொழிவைப் போலவே சிறு நூலாக அச்சிடுங்கள்.