குடல் நோய் பிள்ளைக்கும் வருமா?

கிரோன் நோய், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களின் மனதை அரிக்கும் கேள்வி ஒன்றுதான்: "என் பிள்ளைக்கும் இது வந்துவிடுமா?"

பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால், 100 பிள்ளைகளில் 90 பேருக்கு மேல் அது வருவதே இல்லை. இருவருக்கும் இருந்தால் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை உயரலாம். ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராததும் உண்டு. ஆக, மரபணு மட்டுமே தீர்மானிப்பதில்லை.

ஆனால் சொந்தத்தில் மணம் முடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்; நம் மைசூரு வட்டாரத்தில் தாய்மாமனைக் கட்டும் வழக்கம் உண்டு. கைக்குழந்தைப் பருவத்திலேயே தாக்கும் அரிய வகைக் குடல் அழற்சி நோய் ஒன்றுக்கு, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தின் ஏற்பியில் உள்ள மரபணுப் பழுது காரணம் என்று 2009-இல் கண்டறிந்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்து சேர்ந்தால்தான் இது வரும். நெருங்கிய உறவினர் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு அதிகம்; அதனால் சொந்தத்தில் மணம் முடிப்பவர்கள் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

உங்களுக்கே குடல் அழற்சி நோய் இருந்தால், அது அடங்கிய பிறகு கருத்தரியுங்கள். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை முன்கூட்டியே மாற்ற வேண்டும்; மற்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

பிள்ளைக்கு மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை இருந்தால், சூடு என்று வெந்தயமும் மோரும் கொடுத்து நாள் கடத்தாமல், உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.