வெள்ளமும் பள்ளிப் பிள்ளைகளும்



2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர்களை மூழ்கடித்ததும் உங்களுக்குத் தெரியும். ஏன் வந்ததென்று பிள்ளை கேட்டால் "ஆண்டவன் கோபம்" என்கிறோம். அந்தக் கோபத்துக்குப் பள்ளத்துக் குடிசைதானா அகப்பட்டது என்று அது திருப்பிக் கேட்டால் அதிகப்பிரசங்கி என்கிறோம்!

ஆதலால் உபாத்தியாயர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். ஒரு தாம்பாளத்தில் களிமண்ணைச் சரிவாகப் பரப்பி, விரலால் ஆறு கீறி, இரு கரையிலும் தீப்பெட்டி வீடுகள் வைத்து, பூவாளியால் தண்ணீர் விடச் சொல்லுங்கள். பிறகு ஒரு வீட்டை ஆற்றுக்குள்ளேயே தள்ளி வைத்து மறுபடியும் விடட்டும். தண்ணீர் யார் வீட்டில் நுழைகிறதென்று பிள்ளைகளே சொல்லுவார்கள். மறித்தவன் ஒருவன், மூழ்குகிறவன் வேறொருவன் என்பதும் அங்கேயே விளங்கிவிடும். (சில பெரிய மனிதர்களுக்கு இது பிடிக்காதுதான்; பிடிக்காமல் போகட்டுமே!)

அடுத்தபடி, சென்ற வெள்ளம் ஏறிய உயரத்துக்குப் பள்ளிச் சுவரில் கோடு போடச் செய்யுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலான மேடு ஊரில் எது, இருட்டில் அங்கே போக வழி எது, பாட்டியை யார் கூட்டிப்போவது என்பதைப் பிள்ளை வீட்டில் கேட்டுவர வேண்டும். வேகமாய் ஓடும் தண்ணீர் முழங்காலளவே இருந்தாலும் பெரிய ஆளையும் தள்ளிவிடும். அதில் இறங்காதே என்பதை மட்டும் தினமும் சொல்லுங்கள்.