வாசலுக்குப் பூட்டு இருக்கிறது, வைஃபைக்கு?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் வீட்டில் இன்டர்நெட் ஆமை வேகத்தில் வந்தது. எதற்கும் பார்ப்போமே என்று ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். எங்களிடம் இருப்பவை ஏழு கருவிகள். இணைந்திருந்தவையோ பதின்மூன்று! யாரையும் குறை சொல்ல மாட்டேன், தப்பு என்னுடையது. என் வைஃபை பாஸ்வேர்டு என் செல்போன் நம்பர்தான். அது நம் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

"நாலு பேர் படம் பார்த்தால் பார்க்கட்டுமே" என்று தோன்றலாம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. ஐபி முகவரியைப் பின்தொடர்ந்த போலீசார் போய் நின்றது, நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில். அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனால் விசாரணைக்கு ஆளானவர் அவர். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். இதை மறக்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியவை.

ஒன்று: ரௌட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. வைஃபையில் சேர ஒன்று, செட்டிங்ஸை மாற்ற இன்னொன்று. இரண்டாவதைப் பலர் தொடுவதே இல்லை, 'அட்மின்' என்றே விட்டுவிடுகிறோம். 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல், இப்படி மாற்றப்படாத பாஸ்வேர்டுகளை வைத்தே ஏராளமான கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை பிரவுசரில் அடித்து உள்ளே போய், முதலில் இந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இரண்டு: வைஃபை பாஸ்வேர்டு. எட்டு எழுத்து கட்டாயம், பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் நல்லது. போன் நம்பர், பிளாட் எண், பேரன் பெயர் வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலு சொற்களைச் சேர்த்து வையுங்கள். மாற்றியதும் எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். நம்முடையவற்றை மட்டும் மறுபடி இணைத்தால் போதும். அழையா விருந்தாளிகள் தானாகப் போய்விடுவார்கள். வைஃபையின் பெயரிலும் பிளாட் எண் வேண்டாம்.

மூன்று: பாதுகாப்பு வகை. டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லையேல் டபிள்யூபிஏ2. பழைய 'வெப்' முறையைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம். பட்டனை அழுத்தி அல்லது எட்டு இலக்க எண்ணை அடித்து இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.

நான்கு: விருந்தினருக்கும், டியூஷன் பிள்ளைகளுக்கும், வீட்டுக் கேமராவுக்கும் 'கெஸ்ட் நெட்வொர்க்'கைத் தனியாகத் திறந்து கொடுங்கள். நீங்கள் வங்கி வேலை பார்க்கும் இணைப்பு உங்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

ஐந்து: ரௌட்டரின் மென்பொருளை அவ்வப்போது அப்டேட் செய்யுங்கள். வெளியிலிருந்து இயக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதி தேவையில்லை என்றால் மூடிவிடுங்கள்.

வேகத்துக்கும் ஒரு வார்த்தை. நம் கட்டடத்தில் எல்லா வீட்டு ரௌட்டர்களும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்கின்றன. பக்கத்து அறைக்குள் இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துங்கள். ரௌட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்கள் தயங்க வேண்டாம். சங்க அலுவலக நோட்டில் பிளாட் எண்ணை எழுதி வையுங்கள். ஞாயிறு காலை நானே வருகிறேன். ஒரே நிபந்தனை: நான் பக்கத்தில் நின்று சொல்வேன், பாஸ்வேர்டை டைப் செய்ய வேண்டியவர் நீங்கள். அதை என்னிடமும் சொல்லாதீர்கள்.