தண்ணீர் விற்ற பணம் எங்கே போகிறது?

ஆஸ்திரேலியாவின் மர்ரி–டார்லிங் படுகையில் விவசாயி தன் பங்குத் தண்ணீரை மட்டும் தனியாக விற்கலாம். நிலம் அவரிடமே இருக்கும். விற்பனை மெகாலிட்டர் கணக்கில் நடக்கிறது. ஒரு மெகாலிட்டர் என்றால் 10 லட்சம் லிட்டர். இந்த வியாபாரத்தால் ஒரு வட்டாரம் செழிக்குமா, நொடிக்குமா என்று முன்கூட்டியே கணக்கிடும் பொருளாதார மாதிரிகளோடுதான் என் பிழைப்பு.

2007-ல் அங்கே கடும் வறட்சி. நல்ல காலத்தில் 10 லட்சம் டன்னைத் தாண்டும் நெல், அடுத்த அறுவடையில் 20,000 டன்கூடத் தேறவில்லை. ஒரு மெகாலிட்டரின் விலையோ 1,000 டாலரை எட்டியது. அந்தப் படுகையில் உள்ள டெனிலிக்வின் ஊருக்குப் பக்கத்து விவசாயி ஒருவர் எனக்குத் துண்டுத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு ஹெக்டேர் நெல்லுக்குச் சுமார் 12 மெகாலிட்டர் வேண்டும். அதை விற்றால் 12,000 டாலர். நெல்லாக விளைவித்தால் அதில் பாதிகூட வராது. வாங்கியவர்கள் திராட்சை, பாதாம் தோட்டக்காரர்கள். வயலை ஒரு போகம் தரிசாகப் போடலாம். கொடி பட்டுப்போனால் மறுபடி நட்டுக் காய்க்க வருஷக்கணக்காகும்.

இதுவரை எல்லாருக்கும் லாபம்தானே என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். தென் அரைக்கோளத்திலேயே பெரியது என்று பேர்பெற்ற டெனிலிக்வின் அரிசி ஆலையை அந்த வருஷக் கடைசியில் மூடினார்கள். வறட்சிதான் முதல் காரணம். ஆனால் தண்ணீர் விற்றவர் கையில் காசு இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கும் நெல் ஏற்றிய லாரிக்காரருக்கும் விற்க எதுவும் இல்லை.

எனக்குப் பிடித்த வேலை இங்கேதான் இருக்கிறது: அந்தக் காசின் பின்னாலேயே போவது. விவசாயி அதை உள்ளூர்க் கடையில் செலவழித்தாரா, பேங்க் கடனை அடைத்தாரா? வயல் சும்மா கிடக்கிறதா, மானாவாரிக் கோதுமைக்கு மாறியதா? ஒவ்வொரு பதிலுக்கும் ஊரின் வருமானம் மாறும்.

ஆற்றில் ஓடவிடுவதற்காக அரசு 15 லட்சம் மெகாலிட்டர் நீருரிமையை வாங்கினால் என்னவாகும் என்று பொருளாதார ஆய்வாளர்கள் டிக்ஸன், ரிம்மர், விட்வர் மூவரும் 2011-ல் எழுதினார்கள். தண்ணீர் விலை ஏறும், உரிமை வைத்திருப்பவர்களின் வருமானம் கூடும், தென் படுகையின் பொருளாதாரம் வளரவே செய்யும் என்றது அவர்கள் மாதிரி. அதை நான் ஏற்கிறேன். ஆனாலும் படுகைக்குக் கூடியது ஆலையை நம்பிய ஊருக்கும் கூடியதாக ஆகாது.

2023-ல் சட்டம் திருத்தி அரசு மறுபடி பெரிய அளவில் நீருரிமை வாங்க வழிசெய்திருக்கிறது. இந்த முறை படுகைக் கணக்கோடு நிற்காமல் ஊர் ஊராக இறங்கி, ஆலைக்காரரையும் லாரிக்காரரையும் கேட்டுவிட்டு மாதிரி போடுவார்கள் என்று நம்புகிறேன்.